கையால் முடுக்கினால் போதும்

மே 1, தொழிலாளரான புனித யோசேப்பு
வாசகங்கள்: கொலோசையர் 3:14-15, 17, 23-24, மத்தேயு 13:54-58



நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் நடந்ததை லூக்காவும் எழுதியிருக்கிறார், மத்தேயுவும் எழுதியிருக்கிறார். லூக்காவில் ஊரே எழுந்து இயேசுவை மலை விளிம்பு வரைக்கும் தள்ளிக்கொண்டு போகிறது. இன்று நாம் கேட்ட மத்தேயுவில் அந்த ஆவேசம் இல்லை. போதனையைக் கேட்கிறார்கள், அசந்து போகிறார்கள். அந்த வியப்பு அடங்கும் முன்பே ஆளாளுக்கு விசாரணை ஆரம்பித்துவிடுகிறது. தச்சர் வீட்டுப் பையன்தானே, தாய் மரியாதானே, சகோதரிகள் இங்கேதானே இருக்கிறார்கள் என்கிறார்கள். சகோதரர்களின் பெயர்களைக்கூட வரிசையாக ஒப்பிக்கிறார்கள். ஊருக்குத் தெரிந்த வரையில் அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் தெரிந்த அந்த நாலு விஷயத்தை வைத்தே அவரை ஓர் இடத்தில் முடுக்கிவிட்டார்கள். இதுதான் நீ, இதற்கு மேல் அசையாதே என்று. அவர்களுடைய நம்பிக்கையின்மையால் அங்கே அவர் வல்ல செயல்கள் பல செய்யவில்லை என்று மத்தேயு முடித்துக்கொள்கிறார்.

இந்த முடுக்குகிற வேலையைப் பற்றித்தான் இன்று பேச நினைக்கிறேன். நம் பங்கில் ஆட்டோ, வேன், டாக்சி ஓட்டுகிறவர்களும் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறவர்களும் நிறையப் பேர். பூசை முடிந்ததும் வாகனங்களை மந்திரிக்கப் போகிறோம். ஆகவே கோவிலுக்குள் ஆயில், ஸ்பேனர் என்று பேச்சு வருகிறதே என்று பெரியவர்கள் சங்கடப்பட வேண்டாம். யோசேப்பின் வீட்டில் உளியும் இழைப்புளியும்தான் பேச்சாக இருந்திருக்கும்.

இந்த விழாவே தொழிலாளர்களுக்காக வந்தது. 1955-ம் ஆண்டு மே முதல் நாள், புனித பேதுரு சதுக்கத்தில் கூடியிருந்த இத்தாலியத் தொழிலாளர்களிடம் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் இதை அறிவித்தார். நம் ஊரில் மே தினத்துக்கு அதைவிட வயது அதிகம். 1923-ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் கொண்டாடியதுதான் இந்தியாவின் முதல் மே தினம். அதே 1923-ல்தான் அமெரிக்காவில் ஸ்வீட்லேண்ட், கிரீன்ஹால்ஷ் என்ற இருவர் காருக்கு ஆயில் ஃபில்டரைச் செய்தார்கள். நம் மே தினமும் ஆயில் ஃபில்டரும் ஒரே வயதுக்காரர்கள். இரண்டையும் ஒன்றாகப் பேச இன்றைக்கு விட்டால் வேறு நாள் கிடைக்காது.

டாக்சி ஓட்டுகிற நம் சகோதரர் ஒருவர் தன் வீட்டு வாசலிலேயே வண்டிக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருந்தார். அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். பெயரைச் சொல்ல மாட்டேன், அவரும் இப்போது திரும்பிப் பார்க்க வேண்டாம். அந்தத் தெருவில் ஒரு பாட்டிக்கு நன்மை கொடுத்துவிட்டுத் திரும்புகிற வழியில் நின்று பார்த்தேன். சேம்பரிலிருந்து கறுப்பாய் ஆயில் வடிந்து, பழைய பிளாஸ்டிக் டப்பில் மூன்று லிட்டர் போல நின்றது. அது சுலபமாக முடிந்த வேலை. ஃபில்டர்தான் வரவில்லை. கையால் திருகினார், அசையவில்லை. உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்துத் திருகினார், அசையவில்லை. "ஜாம் ஆயிருச்சு சாமி" என்றார். நெற்றி வியர்வையோடு கரியும் வழிந்துகொண்டிருந்தது.

பிறகு எல்லோரும் செய்வதைச் செய்தார். நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, ஃபில்டரின் வயிற்றில் வைத்துச் சுத்தியலால் அடித்து இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் வெளியே வரவைத்தார். அதையே கைப்பிடியாக வைத்து முழுப் பலத்தையும் கொடுத்து இழுத்தார். ஃபில்டர் சுற்றவில்லை. தகரம் கிழிந்தது. உள்ளே தங்கியிருந்த ஆயில் முழங்கை வழியாக இறங்கிச் சட்டைக்குள் போனது. ஃபில்டரின் உடம்பு மெல்லிய தகரம். எஞ்சினோடு மரையில் இறுகி நிற்பது அதன் அடித்தட்டு, அது கெட்டி இரும்பு. மெல்லிய இடத்தில் பலத்தைக் கொடுத்தால் மெல்லிய இடம்தான் கிழியும். பிடித்துக்கொண்டிருக்கிற இடத்துக்கு ஒன்றும் ஆகாது. கொஞ்ச நேரத்தில் பிய்ந்த தகரமும் காகிதச் சுருளும் கையோடு வந்துவிட்டன. அடித்தட்டு மட்டும் எஞ்சினில் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது.

சத்தம் கேட்டு எதிர் வீட்டிலிருந்து வயதான மேஸ்திரி ஒருவர் வந்தார். குனிந்து பார்த்தவர் முதலில் கேட்ட கேள்வி: "போன தடவை மாட்டினது யாரு?" நம் சகோதரர், "நான்தான் மாமா" என்றார். "எதால முடுக்கின?" "செயின் ஸ்பேனர் போட்டு ரெண்டு இழுப்பு இழுத்தேன். ஓடும்போது கழண்டு ஒழுகிடக் கூடாதுல்ல." பெரியவர் திட்டவில்லை. "ரப்பருக்கு எண்ணெய் வச்சியா?" என்று மட்டும் கேட்டார். இவர் பதில் சொல்லவில்லை.

இறைமக்களே, அந்தக் கேள்விகளை நாமும் கேட்டுப் பார்க்க வேண்டும். அந்த ஃபில்டர் தானாக ஜாம் ஆகவில்லை. கழன்றுவிடுமோ என்ற பயம் அதை அளவுக்கு மேல் முடுக்கியது. உலர்ந்த ரப்பர் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சூட்டில் வெந்து, இரும்போடு இரும்பாய் ஒட்டிக்கொண்டது. இத்தனைக்கும் ஒழுகாமல் தடுப்பது நம் பலம் இல்லை, அந்த ரப்பர் வளையம்தான். புதிய ஃபில்டரின் ரப்பரில் விரல் நுனியால் நல்ல ஆயிலைத் தடவி, ரப்பர் எஞ்சினைத் தொடும் வரைக்கும் திருகி, அதற்கு மேல் முக்கால் சுற்று. பெரும்பாலான ஃபில்டர்களுக்கு இதுதான் கணக்கு, பெட்டியிலேயே அச்சடித்திருப்பார்கள். இதற்குக் கை போதும், ஸ்பேனர் வேண்டாம். முக்கால் சுற்றில் அடங்க வேண்டியதை, பயந்தவன் ஒன்றரைச் சுற்றாக்குகிறான்.

நாம் வீட்டில் யாரை முடுக்குகிறோம்? விரோதியை முடுக்குவதில்லை. பிள்ளையை முடுக்குகிறோம், கட்டியவளை முடுக்குகிறோம், தம்பியை முடுக்குகிறோம். கைவிட்டுப் போய்விடுவார்கள் என்ற பயம். மகள் வேலைக்கு வேற்றூர் போகிறாள், போனை நாளைக்கு எட்டு தடவை அடிக்கிறோம். மகன் பத்தாம் வகுப்பில் ஒரு தேர்வில் தவறிவிட்டான், "இவன் இப்படித்தான்" என்று முடிவு கட்டி, வருகிற சொந்தக்காரர்களிடமெல்லாம் அதையே சொல்கிறோம். இப்படி உலர்ந்த வார்த்தையாகவே வருடக்கணக்கில் முடுக்கிவிட்டு, ஒரு நாள் அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றதும், "என்ன சாமி, கல்லாட்டம் இருக்கான்" என்று என்னிடம் வந்து சொல்கிறோம்.

இன்றைய முதல் வாசகத்தில் பவுல், செய்கிற வேலையை மனிதருக்காக அல்ல, ஆண்டவருக்காகவே செய்வதுபோல் மனமாரச் செய்யச் சொல்கிறார். அந்த வாசகத்தில் நடுவே சில வசனங்களைத் தாண்டி வாசித்தோம். தாண்டிய இடத்தில் பெற்றோருக்கு ஒரு வார்த்தை இருக்கிறது: பிள்ளைகளை எரிச்சலூட்டாதீர்கள், அவர்கள் மனம் உடைந்து போவார்கள் என்ற பொருளில். வீட்டுக்குப் போய் கொலோசையர் மூன்றாம் அதிகாரத்தில் 21-ம் வசனத்தைப் பாருங்கள். அப்பாமார் கட்டாயம் பாருங்கள்.

நம்மை ஆண்டவர் திருச்சபையில் சேர்த்துக்கொண்ட விதத்தையும் நினைத்துப் பாருங்கள். திருமுழுக்கில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே குழந்தையின் நெஞ்சில் எண்ணெய் பூசுகிறோம், ஊற்றிய பிறகு உச்சியில் கிறிஸ்மா தைலம். உறுதிபூசுதலில் எண்ணெய், குருவின் கைகளுக்கு எண்ணெய், நோயில் படுத்தவர் நெற்றிக்கும் எண்ணெய். யாரையும் உலர்ந்த நிலையில் மாட்டி முடுக்கவில்லை அவர். அதனால்தான் நாசரேத்தில் அவருக்கு வேறு வழி இருந்தும் அதை எடுக்கவில்லை. கடலை அதட்டியவருக்கு அந்த ஊர்க்காரர்களின் மனத்தை வலுக்கட்டாயமாகத் திருப்பத் தெரியாதா? செய்யவில்லை. குத்திக் கிழித்து எடுக்கிற விசுவாசம் அவருக்கு வேண்டாம். அங்கிருந்து போய்விட்டார். அப்படிப் போனதும் அன்புதான் என்று நான் நம்புகிறேன். நம்மில் சிலருக்கு இதுதான் மிகவும் கசப்பான பகுதி.

சரி, அன்றைக்கு அந்தத் தட்டு எப்படி வந்தது? பெரியவர் ஒரு சிறிய மழுங்கல் உளியைக் கொண்டுவந்தார். தட்டின் ஓரத்தில் சாய்த்து வைத்து, கழற்றுகிற திசையில், மெதுவாக ஒரு தட்டு. பார்த்தார். இன்னொரு தட்டு. உளி எஞ்சினின் முகத்தில் பட்டுவிடக் கூடாது என்பதில்தான் அவர் கவனம் முழுக்க இருந்தது. தட்டு கெட்டால் கெடட்டும், அது எப்படியும் குப்பைக்குத்தான். அது உட்கார்ந்திருந்த இடம் கெட்டால் இனி எந்த ஃபில்டரும் ஒழுகாமல் நிற்காது. ரொம்ப நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நெல்லளவு நகர்ந்தது. நகர ஆரம்பித்தபின் கையாலேயே சுற்றி எடுத்துவிட்டார். "எஞ்சின் வெதுவெதுப்பா இருக்கும்போதே கை வச்சிருந்தா இவ்வளவு பாடு இல்ல. ஆற வச்சு அடிச்சா இப்படித்தான்" என்றார். கொதிக்கும்போதும் தொடக் கூடாது, கை வெந்துவிடும். கொஞ்சம் சூடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். கோபம் கொதிக்கிற நேரத்தில் மகனை உட்காரவைத்துப் பேசுகிறவர்களும், பத்து வருடம் ஆறப்போட்ட பிறகு அண்ணன் வீட்டு வாசலுக்குப் போகிறவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடுவில் நம் சகோதரர் ஒரு யோசனை சொன்னார். இந்த ஃபில்டர் பாட்டுக்கு இருந்திருக்கட்டுமே, ஆயிலை மட்டும் மாற்றியிருக்கலாமே என்று. பெரியவர் சிரித்தார். பழைய ஃபில்டருக்குள் பழைய அழுக்கு ஆயில் தேங்கியிருக்கும். ஊற்றுகிற புது ஆயில் முதல் சுற்றிலேயே அதோடு கலந்துவிடும். அதுகூடப் பரவாயில்லை. ஃபில்டர் முழுக்க அடைத்துப் போனாலும் வண்டி நிற்காது. உள்ளே ஒரு சிறு வால்வு இருக்கிறது. அடைப்பு அதிகமானால் அது திறந்து, வடிகட்டாத ஆயிலை அப்படியே எஞ்சினுக்கு அனுப்பிவிடும். எஞ்சின் எண்ணெய் இல்லாமல் சாகாதிருக்க அந்த ஏற்பாடு. ஆகவே ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. வண்டி ஓடும், விளக்கு எரியாது, சத்தமும் வராது. உள்ளே தேய்மானம் மட்டும் நடந்துகொண்டிருக்கும்.

இதைக் கேட்டபோது எனக்கு நம் தவக்காலங்கள் நினைவுக்கு வந்தன. சுலபமாக வடிவதை வருடா வருடம் வடித்துவிடுகிறோம். கறி விடுகிறோம், பூ விடுகிறோம், வேளாங்கண்ணிக்கு நடந்தும் போய் வருகிறோம். இறுகிப்போனதை மட்டும் அடுத்த வருடத்துக்கு வைக்கிறோம். பேசாமல் இருக்கிற பங்காளியோடு இந்த வருடமும் பேசவில்லை. பூசைக்கு வருகிறோம், பாட்டுப் பாடுகிறோம், வண்டி ஓடுகிறது.

கடைசியாக ஒன்று. தட்டு வந்ததும் நம் சகோதரர் அவசரமாகப் புதிய ஃபில்டரை எடுத்தார். பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ரப்பர் வந்திருக்கா பாரு." கழற்றிய தட்டைத் திருப்பிப் பார்த்தால் அதில் வளையம் இல்லை. எஞ்சினின் முகத்திலேயே, அதே கரிய நிறத்தில், கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் மேலேயே புதியதை மாட்டினால் மாட்டும்போது ஒன்றும் தெரியாது. ஸ்டார்ட் செய்ததும் இரண்டு ரப்பருக்கு நடுவிலிருந்து ஊற்றின மொத்த ஆயிலும் வாசலுக்கு வந்துவிடும். பெரியவர் விரலை விட்டு வளையத்தை உரித்து எடுத்து, சுத்தமான துணியால் அந்த இடத்தைத் துடைத்து, மறுபடியும் விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார். அப்புறம்தான் புதிய ரப்பருக்கு எண்ணெய் வைத்தார்.

மன்னித்துவிட்டேன் என்று சொல்லியபின் ஒட்டிக்கொண்டிருக்கிற வளையம் எது என்று அவரவருக்குத் தெரியும். "மன்னிச்சுட்டேன், ஆனா அன்னைக்கு நீ சொன்னதை மறக்க மாட்டேன்" என்று சமாதானமாகிற தம்பதிகள் நம் பங்கில் இருக்கிறார்கள். பாவசங்கீர்த்தனத்தில்கூட, செய்ததைச் சொல்லிவிட்டு, செய்யவைத்தவர் யார் என்பதை விடாமல் வைத்துக்கொண்டு எழுந்து போகிறோம். விரலை விட்டுத் தடவிப் பார்க்க நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்ட நாளில் கொஞ்ச நேரம்தான் கிடைக்கிறது என்று குறைப்படுகிறீர்கள். அதனால் வருகிற சனிக்கிழமை மாலை 5 மணியிலிருந்து கோவிலில் உட்கார்ந்திருப்பேன், யாரையும் அவசரப்படுத்த மாட்டேன்.

வண்டிக்காரர்களுக்கு இரண்டு செய்தி. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டு வையுங்கள், பிள்ளைகள் இருக்கிறார்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ தென்னை மரத்தடியிலோ ஊற்றாதீர்கள். 2016-ம் ஆண்டு அரசு விதிகளில் அது அபாயகரமான கழிவு. நம் ஒர்க்‌ஷாப் சகோதரர்கள் சேர்த்து வைத்து, உரிமம் உள்ள மறுசுழற்சிக்காரர்களிடம் கொடுக்கிறார்கள், அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். மந்திரிப்பு பூசை முடிந்ததும் பள்ளிக்கூட மைதானத்தில் தொடங்கும். முதலில் ஆட்டோக்கள், அவர்களுக்குச் சவாரி இருக்கிறது. பிறகு வேனும் காரும். இரு சக்கர வண்டிகள் கெபி பக்கம் வரிசையாக நிற்கட்டும்.

இப்போது எழுந்து நின்று விசுவாச அறிக்கையைச் சொல்வோம்.