தான நடையும் கூட்டுப் பயிற்சியும்

தானம், சீலம், பாவனை என்னும் மூன்றையும் இல்லறத்தார்க்குரிய புண்ணியச் செயல்களாகப் பௌத்தம் வகுத்துரைக்கின்றது. இவற்றுள் தானம் முதற்கண் வைக்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. கையிலுள்ளதைக் கைவிடக் கற்றவனே தன் நடத்தையைக் காக்கக் கற்பான். நடத்தையைக் காக்கக் கற்றவனே உள்ளத்தைப் பண்படுத்தக் கற்பான். ஆகவே ஈகையில் நேர்கின்ற பிழை ஏனைய இரண்டையும் பிழையாக்கிவிடும். எதைக் கொடுக்கின்றோம் என்பதோடு, எவ்வாறு கொடுக்கின்றோம் என்பதையும் ஆராய்தல் நமது கடமையாகும்.

இக்காலத்தில் ஈகை புதியதோர் உருவம் பூண்டிருக்கின்றது. நோயாளர்க்கு மருந்து, ஏழை மாணவர்க்குப் புத்தகம், ஆதரவற்றார்க்கு உணவு என ஏதேனும் ஒரு நன்னோக்கத்தின் பொருட்டுப் பலர் ஒன்றுகூடி, நெடுந்தொலைவு நடந்து, அந்நடையைக் காரணமாகக் காட்டிப் பொருள் திரட்டுகின்றனர். இதற்கென வாரக்கணக்கில் கூட்டாகப் பயிற்சியும் செய்கின்றனர். நம் இளைஞரும் இத்தகைய நடையில் இறங்க விரும்புகின்றனர். விரும்புவோர் முதலில் விடை காணவேண்டிய கேள்விகள் மூன்று. பொருள்தான் வேண்டுமெனின், நேரே கொடுத்துவிடலாமே, நடப்பானேன்? நடப்பதெனின், கூட்டமாக நடப்பானேன்? கூட்டமாக நடக்குங்கால் யாருடைய வேகம் அக்கூட்டத்தின் வேகமாதல் வேண்டும்?

முதற் கேள்வியை எளிதென்று தள்ளிவிடலாகாது. உடலை வருத்துவதனால் புண்ணியம் விளையும் என்று கருதி ஒருவன் நடப்பானாயின், அவன் புத்தர் பெருமான் கைவிட்ட வழியிலே நடக்கின்றான். ஆறாண்டுக் கடுந்தவத்தின் பின்னர், உடல் வருத்தத்தினால் அறிவு பிறவாது என்று கண்டு உணவு கொண்டவர் அவர். நடப்பவன் காலில் எழும் கொப்புளம் நோயாளியின் நோயைத் தீர்ப்பதில்லை. ஆதலின் நடையின் பயனை வருத்தத்தில் தேடலாகாது.

அப்பயன் வேறிடத்தில் உள்ளது. பணமில்லாதவனுக்கும் கால்கள் உண்டு. கொடுக்கப் பொருளற்ற கூலித் தொழிலாளியும், படிக்கும் சிறுவனும், வீட்டு வேலை முடித்து வரும் பெண்ணும் நடையினால் ஈகையாளர் ஆகின்றனர். செல்வர்க்கே உரியதெனக் கருதப்பட்ட தானம் அனைவர்க்கும் உரியதாகின்றது. மேலும், நடந்து செல்பவன் வீட்டு வாயில்தோறும் நிற்கின்றான். பிட்சை ஏற்கச் செல்லும் பிக்கு, இடையில் எதனையும் விடாது வீடுகளை வரிசையாக அணுகுதலை நோன்புகளுள் ஒன்றாகப் பௌத்த மரபு போற்றுகின்றது. செல்வர் வீடு, ஏழை வீடு, உயர்ந்தோர் வீடு, தாழ்ந்தோர் வீடு என்னும் வேறுபாடு அப்பாத்திரத்துக்கு இல்லை. சாதியை மறுக்கும் உரைகள் பல உண்டு. ஒரு வாயிலையும் விடாது கடக்கும் நடை அவ்வுரைகளினும் வலிது.

பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரையுள்ள எல்லையூர்களின் பெருவழியை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நாஞ்சில் நாட்டிலிருந்து களியக்காவிளை கடந்து, பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை வழியே திருவனந்தபுரம் செல்லும் பழைய வழி இது. தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் பேசப்படும் ஊர்கள் இதன் இருமருங்கிலும் உள. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநில எல்லை வகுக்கப்பட்டபொழுது, விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் சென்றன. எல்லை வந்தது, வழி மாறவில்லை.

நடத்தல் என்னும் எளிய செயலே ஒருகாலத்தில் இந்நாட்டில் மறுக்கப்பட்டிருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியார் பொதுவழியில் செல்லலாகாது, செருப்பணியலாகாது, குடை பிடிக்கலாகாது என்பன திருவிதாங்கூரின் வழக்கங்களாய் இருந்தன. நெய்யாற்றின்கரை வட்டத்து வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி, 1893இல் வில்வண்டி ஒன்றை வாங்கி, தலைப்பாகை தரித்து, மறுக்கப்பட்ட பொதுவழியிலேயே அதனைச் செலுத்தினார். அவர் எவரிடமும் வழியைத் தானமாகக் கேட்கவில்லை. தமக்கு உரியதை எடுத்துக்கொண்டார்.

1924இல் வேறொரு நடை நிகழ்ந்தது. வைக்கம் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் அனைவரும் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்துவந்த ஆண்டு அது. அவ்வுரிமையை ஏற்கெனவே பெற்றிருந்த சாதியினர், பெறாதவர்க்காக இரு குழுக்களாய்த் திருவனந்தபுரம் நோக்கி நடந்தனர். வடக்கே வைக்கத்திலிருந்து மன்னத்து பத்மநாபனும், தெற்கே கோட்டாற்றிலிருந்து டாக்டர் எம். எம்பெருமாள் நாயுடுவும் தலைமை தாங்கினர். நவம்பரில் ஏறத்தாழ 25,000 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் அரசப் பிரதிநிதியான மகாராணி சேது லட்சுமி பாயியிடம் அளிக்கப்பெற்றது. 1925 பிப்ரவரியில் சட்டசபையில் தீர்மானம் வந்தபொழுது, ஆதரவாக 21 வாக்கும் எதிராக 22 வாக்கும் விழுந்தன. ஒரு வாக்கினால் அது தோற்றது.

அந்நடை வீணாயிற்றா? பயனை மட்டும் எண்ணுவோர் வீண் என்பர். பௌத்தம் செயலை அதன் எண்ணத்தினால் அளக்கின்றது. சேதனையே கர்மம் என்பது பெருமான் கொள்கை. ஆயின் எண்ணம் நல்லதென்று சொல்லிப் பயனை மறந்துவிடவும் நமக்கு உரிமை இல்லை. வழி மறுக்கப்பட்டவனுக்குத் தேவைப்பட்டது நடந்தவர்களின் நல்லெண்ணம் மட்டுமா? திறந்த வழியும் வேண்டுமன்றோ? ஆகவே தோற்ற பின்னும் முயற்சி தொடர்ந்தது. 1936இல் கோயில் நுழைவு அறிக்கையும் வந்தது. ஒருமுறை நடந்து முடித்ததும் கடன் தீர்ந்தது என்று வீடு திரும்புபவன் நடையின் பொருளை அறியாதவன்.

மூன்றாவதாக, தானத்துக்கெனவே நிகழ்ந்த நடை. 1951 ஏப்ரல் 18ஆம் நாள் தெலுங்கானத்துப் போச்சம்பள்ளியில், நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்கள் வினோபா பாவேயிடம் 80 ஏக்கர் வேண்டினர். இராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கர் தர முன்வந்தார். பூதான நடை அதிலிருந்து பிறந்தது. 1957 ஏப்ரலில் வினோபா கன்னியாகுமரியிலிருந்து கேரளத்துள் நுழைந்ததும் இத்தென்னெல்லை வழியாகவே. அப்பொழுது அவருக்கு வயது 61. வயிற்றுப் புண்ணினால் நலிந்த உடல். விடியுமுன் எழுந்து, வெயில் ஏறுமுன் அடுத்த ஊரை அடைவது அவரும் உடன் நடந்தோரும் கொண்டிருந்த ஒழுங்கு. வலிய உடலைக் காட்டிலும் ஒழுங்குபட்ட நாளே நெடுவழியைக் கடத்துகின்றது என்பதற்கு அவர் சான்று.

இனி இரண்டாவது கேள்வி. பெருமான் தம் முதற் சீடர் அறுபதின்மரை உலக நன்மைக்காக அனுப்பியபொழுது, இருவர் ஒரே வழியில் செல்லவேண்டா என்றார். அங்ஙனமாயின் கூட்டு நடை எதற்கு? அவ்வறுபதின்மரும் கற்கவேண்டியதைக் கற்று முடித்தவர்கள் என்பதை மறக்கலாகாது. நாமோ கற்பவர்கள். நன்னட்பு அறவாழ்வில் பாதி என்று ஆனந்தர் கூறியபொழுது, பாதியன்று, முழுவதும் அதுவே என்று திருத்தியவர் பெருமான். கோசம்பியில் பிக்குகள் சிறியதோர் ஒழுங்கைப் பற்றிப் பூசலிட்டுப் பிரிந்தபொழுது, அவர்களை விட்டு நீங்கி அவர் அநுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்னும் மூவர் வாழ்ந்த சோலைக்குச் சென்றார். அம்மூவரும் பாலும் நீரும் கலந்தாற்போல வாழ்ந்தனர். பிட்சையிலிருந்து முதலில் திரும்பியவர் இருக்கை விரித்து நீர் வைப்பார். கடைசியில் திரும்பியவர் இடத்தைத் துப்புரவு செய்வார். நீர்க்குடம் வெறுமையாயிருக்கக் கண்டவர் நிரப்புவார்; ஒருவரால் தூக்கவியலாதெனின் கைச்சாடையால் மற்றொருவரை அழைப்பார். உடல்கள் வேறு, உள்ளம் ஒன்று என்று அநுருத்தர் மொழிந்தார். நெடுநடைக் குழுவுக்கு இதனினும் சிறந்த விதிநூல் வேண்டுமோ?

பயிற்சியைப் பற்றியும் நம் நூல்கள் மௌனமாக இல்லை. உலாவி நடத்தலாகிய சங்கமத்துக்குப் பெருமான் ஐந்து பயன்களைக் கூறியுள்ளார். நெடுவழி நடக்கும் ஆற்றல் அவற்றுள் முதலாவது; முயற்சிக்கு உரம், நோயின்மை, உண்டது செரித்தல், மன ஒருமை நெடிது நிலைத்தல் என்பன ஏனையவை. ஆகவே கால்களைப் பழக்குதல் உலகியல், உள்ளத்தைப் பழக்குதல் அறம் என்று பிரித்துக்காணத் தேவையில்லை.

அளவு அறிதலும் பயிற்சியின் ஒரு பகுதி. செல்வக் குடியில் பிறந்த சோணர், பிக்குவான பின்னர் அளவிறந்த ஊக்கத்தோடு உலாவினார். மென்மையான அவர் பாதங்கள் வெடித்து வழி முழுதும் குருதி படிந்தது. இல்லறத்தில் வீணை வல்லவராயிருந்த அவரிடம், நரம்பு மிக இறுகினாலும் மிகத் தளர்ந்தாலும் இசை பிறக்குமோ என்று வினவிப் பெருமான் தெளிவித்தார். பின்னர் மெல்லியதோர் ஒற்றைத்தோல் செருப்பை அணிந்துகொள்ள அவருக்கு அனுமதி அளித்தார். சோணர் அதனை ஏற்கவில்லை. பெருஞ்செல்வத்தைத் துறந்து வந்தவன் செருப்பில் ஆசை வைத்தான் என்று உலகம் பேசும். சங்கம் முழுமைக்கும் அனுமதி தருவீராயின் யானும் அணிவேன் என்றார். பெருமான் அனைவர்க்கும் அனுமதித்தார். செருப்பணியும் உரிமை மறுக்கப்பட்ட முன்னோரின் வழிவந்த நாம் இவ்வரலாற்றை இருமுறை படித்தல் தகும். ஒருவன் பாதத்துக்குக் கிடைத்த காப்பு, அனைவர் பாதத்துக்கும் கிடைக்கும்வரை தனக்கு வேண்டா என்ற உள்ளமே கூட்டுணர்வு.

இதிலிருந்து மூன்றாவது கேள்விக்கு விடை பிறக்கின்றது. பின்தங்கியவனின் வேகமே கூட்டத்தின் வேகமாதல் வேண்டும். நலிந்தோர்க்காகப் புறப்பட்ட கூட்டம், தன்னுள் நலிந்தவனைப் பாதியிலே விட்டுச்செல்லுமாயின் அதன் கொடியில் எழுதிய சொல்லும் அதன் கால்கள் எழுதும் சொல்லும் வேறுபடுகின்றன. வலியவன் முன்னே விரைந்து சென்று கைதட்டுப் பெறுகின்றான். மூச்சிரைப்பவன் வெட்கத்தோடு வழியோரம் அமர்கின்றான். நிதி திரண்டிருக்கலாம், தானம் கெட்டது. கொடுக்கும் கையில் ‘நான்’ என்னும் செருக்கு ஒட்டிக்கொண்டபின் அது வாணிகமாகும்.

ஆதலின் பயிற்சியைத் தொடங்கும் நாள்முதலே இதனைப் பழகவேண்டும். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை 10, 12 கிலோமீட்டர். திருவனந்தபுரம் 30 கிலோமீட்டருக்கு மேல். முதல் நாளே முழுத்தொலைவை முயலுதல் பேதைமை. இரண்டு மூன்று கிலோமீட்டரில் தொடங்கி வாரந்தோறும் சிறிது சிறிதாக உயர்த்துக. வாரத்தில் ஒரு நாளேனும் கால்களுக்கு ஓய்வளிக்க. மேடும் பள்ளமுமான செம்மண் வழிகளில் வெயிலுக்கு முன் நடந்து பழகுக. புதுச்செருப்பைப் புறப்படும் நாளில் அணியாது, பழகிய செருப்பையே அணிக. உப்பிட்ட கஞ்சித் தெளிவும் மோரும் கருப்பட்டியும் நம் ஊரார் அறிந்த உணவுகளே. மெதுவாக நடப்பவரை முன்னே விட்டு, வலியவர் பின்னே வருக. நீரும் மருந்தும் வலியவர் சுமக்க. இயலவில்லை என்று கூறுவதை இழிவாகக் கருதாத பேச்சைக் குழுவில் வளர்க்க. ஆனிமாத மழைக்காலத்தைத் தவிர்க்க. மழைக்காலத்தில் நடந்தால் இளம்பயிரும் சிற்றுயிரும் மிதிபடும் என்று மக்கள் குறைகூறியதனாலன்றோ பெருமான் சங்கத்துக்கு மழைக்கால உறைவிடம் வகுத்தார்.

இறுதியாக ஒன்று. ஈகையைப் போற்றுகின்றோம் என்பதனால் உரிமையை மறந்துவிடலாகாது. பூதானத்தில் கிடைத்த நிலத்தில் பெரும்பகுதி பயிருக்கு உதவாததாயும் வழக்கில் சிக்கியதாயும் இருந்தது. கேரளத்தில் உழுகுடிக்கு நிலத்தில் உரிமை தந்தது 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தமே. கேட்டுப் பெறவேண்டிய உரிமையைத் தானமாகப் பெற்றால் பெறுபவன் தலை குனிகின்றது. கொடுப்பவன் தலை நிமிர்கின்றது. நாம் நெடுங்காலம் குனிந்திருந்தவர்கள். பாபாசாகேப் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் காட்டிய தம்ம வழி, நிமிர்ந்து நடக்கும் வழி. அவ்வழியில் வந்த நாம் ஈகையாளராகும்பொழுது, பிறரைக் குனியவைக்கும் ஈகையைச் செய்யலாமோ? பெறுபவரும் நம்மோடு ஒருங்கு நடக்கட்டும். அவர் பெயரைக் கொடியில் தூக்கிக் காட்டவேண்டா.

அன்பர்களே! வழி மறுக்கப்பட்டவரின் மக்கள் வழியெல்லாம் நடந்து பிறர்க்கு உதவுவர் எனின், அதனினும் பெரிய அறவெற்றி வேறில்லை. அந்நடையில் ஒருவரும் பின்னே விடப்படாதிருப்பாராக. பயிற்சியின் முதல் நாளில், மூச்சிரைக்கும் தோழனுக்காக நீங்கள் நிற்கும் அந்தச் சிறுபொழுதே உங்கள் முதல் தானம். அது கைகூடுமாயின் ஏனைய தானமும் கைகூடும்.