இறங்கும் இடத்தில் யார் இருக்கிறார்கள்?

நெடும்பாதை ஒன்றை ஒரே மூச்சில் நடந்து தீர்க்க இயலாதவர்கள் அதைப் பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு, விடுப்பும் உடல்நிலையும் இடம் தரும்போதெல்லாம் சில நாள்கள் நடந்து, விட்ட இடத்திலிருந்தே அடுத்த முறை தொடர்வதைப் பகுதிநடை எனலாம். 1921இல் பென்டன் மெக்கை என்பவர் முன்மொழிந்து 1937இல் முழுமை பெற்ற அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளமுடையதாகையால், அதைப் பல ஆண்டுகளுக்குப் பங்கிட்டு நடப்போர் அங்கு மிகுதி. மலேசியத் தீபகற்பத்தின் முதுகெலும்பாகிய தித்திவங்சா மலைத்தொடர் 480 கிலோமீட்டர் அளவுக்கு நீண்டு கிடந்தபோதிலும், அதன் தலையிலிருந்து கால்வரை செல்லும் அத்தகைய ஒற்றைப் பாதை வகுக்கப்படவில்லை. ஆயினும் தீபகற்பத்தில் 7,000 அடிக்கு மேல் உயர்ந்த ஏழு சிகரங்களை 'ஜி7' என்று பெயரிட்டு, ஒவ்வொன்றாகவும் இரண்டு மூன்றாக இணைத்தும் நடந்து முடிக்கும் வழக்கம் அந்நாட்டு மலையேறிகளிடையே வேரூன்றியிருப்பதால், பகுதிநடையின் சிக்கல்கள் அனைத்தும் அங்கும் உண்டு.

கேமரன் மலையின் பிரிஞ்சாங் நகரைத் தங்குமிடமாகக் கொண்டு வகுக்கப்படும் ஒரு நடை இதற்குத் தக்க சான்றாகும். கம்போங் ராஜாவைத் தாண்டி புளூ வேலித் தோட்டப் பக்கமாகக் காட்டுக்குள் நுழைந்து, 2,181 மீட்டர் உயரமுள்ள யோங் பெலார் சிகரத்தில் ஏறி, முகட்டின் வழியே காயோங், கொர்பு ஆகிய சிகரங்களைக் கடந்து, பேராக் மாநிலத்தின் உலு கிந்தா அணைப் பக்கம் இறங்குவது அந்நடையாகும். யோங் பெலாரைவிடக் கொர்பு இரண்டே மீட்டர் உயரம் கூடியது என்பதும், அந்த இரண்டு மீட்டருக்காக நாள்கணக்கில் சேற்றிலும் வேரிலும் ஏறி இறங்க வேண்டியிருப்பதும் இத்துறையின் விசித்திரங்களுள் ஒன்று. வனத்துறையின் அனுமதியும், 'மலிம் குனுங்' எனப்படும் உரிமம் பெற்ற மலைவழிகாட்டியும் வேண்டும். அவை முறைப்படி விண்ணப்பித்தால் கிடைப்பவையாதலால் அவற்றைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. விரித்துரைக்க வேண்டியது தொடக்கமும் முடிவும் வெவ்வேறு மாநிலங்களில், வெவ்வேறு சாலைகளின் ஓரத்தில் கிடக்கின்றன என்பதையே.

கார் வைத்திருப்பவருக்கு இந்நடை ஒரு முடிச்சு. ஏனெனில் எங்கே வண்டியை நிறுத்தினாரோ அங்கேயே அவர் திரும்ப வேண்டும், அல்லது இரண்டு கார்களை இரண்டு முனைகளிலும் நிறுத்திவைக்கும் அளவுக்கு நண்பர் கூட்டம் வேண்டும். கார் இல்லாதவரோ போகிற போக்கில் போய்விடலாம் என்பதால், காகிதத்தில் பார்க்கும்போது அவரே சுதந்திரமானவராகத் தோன்றுகிறார். வார இறுதிகளில் கோலாலம்பூர்க் கார்கள் கீ ஃபார்ம் சந்தையருகே அசையாமல் நிற்கும்போது, பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவற்றைக் கடந்து நடப்பவருக்கு அந்த எண்ணம் இன்னும் உறுதிப்படுகிறது. எனினும் பேருந்தை நம்பிய நடை முன்னிருந்து பின்னாக அன்றிப் பின்னிருந்து முன்னாகவே திட்டமிடப்பட வேண்டும் என்பதை இத்துறையில் இறங்கிய எவரும் விரைவில் உணர்வர். ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக மேலேறும் கடைசிப் பேருந்து எப்போது என்பதே கடைசி நாளின் இறக்கத்தை முடிவு செய்கிறது. அந்த இறக்கம் கடைசி இரவின் கூடாரத்தையும், அக்கூடாரம் முதல் நாள் விடியலையும் முடிவு செய்கின்றன. கட்டம் கட்டமாகக் கோடு போட்ட தாளில் நேரம், கட்டணம், மாற்று வழி, மாற்று வழிக்கு மாற்று வழி என்று நிரப்பிக்கொண்டு போனால், இறுதியில் எவருடைய தயவும் தேவைப்படாத ஓர் ஏற்பாடு கைக்கு வருகிறது.

இக்கட்டுரையாளர் அத்தகைய ஒரு தாளுடன் பிரிஞ்சாங் பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்தபோது நிகழ்ந்த சிறு உரையாடலே இச்சிந்தனைக்குக் காரணம். அருகில் அமர்ந்திருந்தவர் தேயிலைத் தோட்டத்தில் தண்டலாக, அதாவது வேலையாள்களை நிரை பிரித்து மேற்பார்க்கும் பொறுப்பில், இருந்து ஓய்வுபெற்ற முதியவர். தாளை எட்டிப் பார்த்து வழியைக் கேட்டறிந்தவர், காட்டைப் பற்றியோ மழையைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. "தம்பி, எறங்குற எடத்துல நம்ம ஆளு யாராச்சும் இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார். "இல்லீங்க ஐயா, கிராப் கூப்பிட்டுக்குவேன்" என்று வாடகைக் கார்ச் செயலியைச் சொன்ன விடை அவருக்கு விடையாகவே படவில்லை. பையிலிருந்த தேயிலைப் பொட்டலத்தின் அட்டையில் ஒரு மூலையைக் கிழித்து, ஒரு தொலைபேசி எண்ணை எழுதி நீட்டினார். "தங்கச்சி மவன். அந்தப் பக்கந்தான் லோரி ஓட்டுறான். போன் அடிச்சா வருவான்." அட்டையில் எண் இருந்தது, பெயர் இல்லை.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்று தள்ளிவிடலாம். மலைத்தோட்டங்களில் முதியவர்கள் இவ்வாறுதான் பேசுவர். ஆனால் பெயரில்லாத அந்த எண்ணைத் தாளின் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்ற கேள்வி எழுந்தபோது, அதற்கென ஒரு கட்டம் இல்லை என்பது தெரியவந்தது. கட்டணம் என்ற கட்டத்தில் அது அடங்காது, ஏனெனில் அவன் பணம் வாங்குவானா என்பது தெரியாது. நேரம் என்ற கட்டத்திலும் அடங்காது, ஏனெனில் அடித்தால் வருவான் என்பதைத் தவிர வேறு நேரம் குறிக்கப்படவில்லை.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதன்று. கட்டுரையாளரின் சிறுவயதுத் தோட்டத்தில் கார் என்பது கிராணியிடம், அதாவது தோட்ட அலுவலக எழுத்தரிடம், மட்டுமே இருந்தது. மற்றவர்களுக்குத் தோட்டத்து லோரியே வாகனம். பட்டணத்து ஆஸ்பத்திரிக்கோ தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்கோ போக வேண்டுமானால் இரண்டு நாள் முன்னதாகவே டிரைவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். நேரே விஷயத்துக்கு வருவது மரியாதையன்று. முதலில் அவர் மகளின் படிப்பு, பிறகு மழை, பிறகு போகிற போக்கில் சொல்வதுபோல லோரி. திரும்பி வந்த மறுநாள் பின்கட்டுத் தோட்டத்து முருங்கைக்கீரையோ ஒரு சீப்பு வாழைப்பழமோ அந்த வீட்டுக்குப் போகும். கீரையைத் தூக்கிக்கொண்டு போகும் பிள்ளைக்கு அது வெட்கமாக இருந்தது என்பதையும், பெரியவனானதும் எவர் வாசலிலும் நிற்காமல் போய்வர வேண்டும் என்ற ஆசை அங்கேதான் முளைத்தது என்பதையும் இங்குக் குறிப்பிடுவது பொருந்தும். கோடு போட்ட தாள் அந்த ஆசையின் நேர் வாரிசு எனலாம்.

எப்போதோ வாசித்த ஆல்பிரெட் வெய்ன்ரைட் என்ற ஆங்கிலேயரின் வாழ்க்கையும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. கெண்டல் நகராட்சியின் கருவூல அலுவலராக இருந்த அவர், வடமேற்கு இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் 214 குன்றுகளில் ஏறி, அவற்றுக்கான வழிகாட்டி நூலைத் தம் கையாலேயே எழுதியும் வரைந்தும் 1955 முதல் 1966 வரை ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். அவர் காரோட்டக் கற்றவரே அல்லர். அந்நடைகளுக்குப் பெரிதும் பேருந்தையே நம்பியிருந்தார். மனிதரோடு பேச விரும்பாதவர், எதிரே ஆள் வந்தால் விலகிப் போகிறவர் என்றெல்லாம் பெயரெடுத்த அந்தத் தனியருக்கும், மாலையில் குன்றின் அடிவாரத்தில் ஓட்டுநர் ஒருவர் குறித்த நேரத்துக்கு வந்தாக வேண்டியிருந்தது. நேர அட்டவணை என்பது முகமறியாத மனிதர்கள் முன்கூட்டியே கொடுத்துவைத்த வாக்குதான். அந்த ஓட்டுநருக்குக் கீரை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதில்லை என்பதே வேறுபாடு. வெய்ன்ரைட்டுக்கு அந்த வேறுபாடு பெரிதும் உவப்பாக இருந்திருக்கும். ஆனால் பிரிஞ்சாங்கின் முதியவர் அதை ஒரு குறையாகப் பார்த்தார். இருவருள் எவர் பக்கம் நிற்பது என்பது எளிதில் தீர்வதன்று.

தமிழர்க்கு நெடுநடை அந்நியமானதன்று என்பதற்குச் செட்டிநாட்டிலிருந்து பழனிக்கும், யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கும் செல்லும் பாதயாத்திரைகளைச் சுட்டுவது வழக்கம். அவற்றில் நடப்பவரை எவரும் வண்டியை எங்கே விட்டீர்கள் என்று கேட்பதில்லை. வழியெங்கும் மோரும் அன்னதானமும் காத்திருக்கின்றன, போய்ச் சேரும் இடத்தில் முருகன் இருக்கிறான். பொழுதுபோக்குக்காக நடப்பவருக்கு அந்த ஏற்பாடு எதுவும் இல்லை. எதற்காக நடக்கிறார் என்பதை அவரே சொல்லியாக வேண்டும், சொன்னாலும் தோட்டத்தில் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். விடியலில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, நடந்து, பிறகு நாள் முழுதும் சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து எடுத்தவர்களின் பிள்ளைகள், காசு செலவழித்து அதே மலையில் நடப்பதைப் பெரியவர்கள் ஒருவித இரக்கத்தோடு பார்ப்பதில் நியாயம் இல்லாமலில்லை.

முதியவரின் கேள்விக்குள் வேறொரு நினைவும் ஒளிந்திருந்திருக்கலாம். 1967 மார்ச் 26ஆம் நாள், தாய்லாந்துப் பட்டு வணிகத்தால் புகழ்பெற்ற அமெரிக்கர் ஜிம் தாம்சன், தானா ராத்தாவுக்கு அருகே தாம் விருந்தினராகத் தங்கியிருந்த பங்களாவிலிருந்து உலாவப் போனவர், திரும்பவே இல்லை. காவல்துறையினரும் படையினரும் பூர்வகுடித் தடங்காண்போரும் நாள்கணக்கில் தேடியும் ஒரு தடயமும் கிடைக்கவில்லை. அந்தத் தலைமுறையினருக்கு, காட்டுக்குள் போகிறவன் எங்கே வெளிவருவான் என்பது மறுமுனையில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்பது விருந்தோம்பலைச் சேர்ந்த கருத்தாக மட்டும் இருக்க முடியாது. வனத்துறைப் படிவத்திலும் அவசரத் தொடர்புக்கு ஓர் எண் கேட்கப்படுகிறது. ஆனால் அங்கு நிரப்பப்படும் எண் பெரும்பாலும் வீட்டு எண்ணாகவே அமைகிறது, இறங்கும் இடத்து எண்ணாக அன்று.

இறங்கும் இடம் தஞ்சோங் ரம்புத்தானை ஒட்டியது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. 1911இல் தொடங்கப்பட்ட மனநல மருத்துவமனை அங்கு இருப்பதால், மலேசியாவில் அவ்வூரின் பெயரைச் சொன்னாலே கிண்டல் என்று பொருள். அத்தனை மலையேறி, அணைக்கட்டுச் சாலையில் இறங்கி, கடைசியில் அந்த ஊரிலிருந்து தொலைபேசியில் அழைத்தால் தங்கச்சி மகன் என்ன நினைப்பான் என்று எண்ணிப் பார்க்கையில், அழைக்கத் தயங்குவதற்கு வெட்கத்தைத் தவிர வேறு காரணம் உண்டா என்ற ஐயம் எழுகிறது.

அணைச் சாலையில் சிக்னல் கிடைத்தால் வாடகைக் கார் வரும். வராவிட்டால் ஊர்வரை நடக்கலாம், அதற்கும் தாளில் நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அந்த எண் திட்டத்துக்குத் தேவையில்லை என்பதில் ஐயமில்லை. தேவையில்லாதபோது அழைப்பது ஒருவனது வேலைநாளைக் கெடுப்பதாகும். அழைக்காமலிருப்பதோ, கேளாமலே நீட்டப்பட்ட ஒன்றை வாங்கிக்கொண்டு பயன்படுத்தாமல் வைத்திருப்பதாகும், அதை முதியவர் என்றேனும் விசாரித்தால் என்ன சொல்வது என்பதற்கு விடையில்லை. எவரிடமும் கடன்படாமல் மலையைக் கடப்பது ஒரு திறமை என்று நெடுநாள் எண்ணியிருந்த கட்டுரையாளருக்கு, அது திறமையா, கீரை தூக்கிய பிள்ளையின் பழைய வெட்கமா என்பதைப் பிரித்தறியக் கூடவில்லை. தாளில் புதிதாக ஒரு கட்டம் போடலாம் என்றால் அதற்கு என்ன தலைப்பிடுவது என்பதும் தெளிவாகவில்லை. நடைக்கான அனுமதி விண்ணப்பம் மட்டும் அனுப்பப்பட்டிருக்கிறது.