சன்மானம் இல்லாத கவிதை

உழைத்தவனுக்குக் கூலி கொடாமை அநீதி என்பதில் நமக்கு ஐயமில்லை. அவ்வாறாயின், கவிதையை வாங்கிக்கொண்டு ஒரு காசும் தராத சிற்றிதழை என்னவென்பது? சிற்றிதழ்களில் எழுதிவரும் என்னிடம் நண்பர்கள் பலமுறை இதைக் கேட்டதுண்டு.

புதுக்கவிதைக்குப் பெரிய இதழ்களில் இடம் அரிதாயிருந்த 1959இல் சி. சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கினார். ந. பிச்சமூர்த்தியும், பசுவய்யா என்ற பெயரில் சுந்தர ராமசாமியும், திருகோணமலையைச் சேர்ந்த தருமு சிவராமுவும் அதில் எழுதினர். 1962இல் 24 கவிஞர்களைத் திரட்டிப் 'புதுக்குரல்கள்' தொகுப்பையும் அவரே வெளியிட்டார். தாம் அச்சிட்ட நூல்களைத் தாமே சுமந்து, கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். 1970இல் இதழ் நின்றது. கவிஞன் இழந்தது சிறு தொகை. ஆசிரியர் இழந்ததோ கைப்பொருளும் ஆண்டுகளும். பிறர் உழைப்பில் ஆதாயம் பெறுவதைத்தான் சுரண்டல் என்கிறோம். இங்கே ஆதாயம் எங்கே?

கடன் உண்டு, அது கவிஞன் பக்கமே மிகுதி. தன் கவிதை வந்த பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு இதழை மூடி வைப்போரை அறிவேன். சந்தா கேட்டால் முகம் சுளிப்பர். (எழுதுகிறவரே வாங்காத இதழை வேறு யார் வாங்குவார்?) அடுத்த பக்கத்தில் இருப்பது யாரோ ஒரு புதியவனின் முதல் கவிதையாக இருக்கலாம். அவனை ஊன்றிப் படிக்கக்கூடியவர் மிகச் சிலர்; அவர்களுள் நானும் ஒருவன். அவனைப் படிக்காமல், என்னைப் படியுங்கள் என்று எந்த உரிமையோடு கேட்பேன்?

என் கவிதையின் ஒரு சொல்லைக் குறித்து மட்டும், முன்பின் அறியாத ஒருவர் எழுதிய அஞ்சலட்டை என்னிடம் இருக்கிறது. அதை வரவில் வைப்பதா, கடனில் வைப்பதா என்று இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை.