சங்கு ஊதியவர் குற்றம்

"செவிடன் காதில் ஊதிய சங்கு" என்று நம்மவர் சொல்வதுண்டு. கேளாதவர் மீதே குறையைச் சுமத்துகிறோம். கேட்காது என்று தெரிந்தும் ஊதிக்கொண்டு நின்றவரைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

நாமும் அப்படி ஊதியவர்தாம். நமது மளிகைக் கடைக்குக் காது கேளாத ஒருவர் தம் தம்பியுடன் வருவார். முதலில் உரக்கக் கத்திப் பார்த்தோம். பிறகு அவரை விட்டுத் தம்பியிடம், "அண்ணனுக்கு என்ன வேண்டுமாம்?" என்று கேட்கலானோம். இரக்கப்பட்டு விலையிலும் கொஞ்சம் குறைத்தோம். ஒரு நாள் அவர் கல்லா மேலிருந்த தாளை எடுத்து, "சாமான் வாங்குபவன் நான், என்னிடம் கேளுங்கள்" என்று மலாயில் எழுதிக் காட்டினார். நாம் குறைத்த காசு அப்போது நமக்கே அற்பமாகத் தோன்றிற்று.

ஒருவருக்காக இரங்கினால் போதுமா, அவரிடம் கற்கவும் வேண்டுமா? இரங்குகிறவர் மேலே நிற்கிறார். கற்கிறவர் எதிரே அமர்கிறார்.

சைகை மொழி வெறும் கைச்சாடை என்றே எண்ணியிருந்தோம். அது தவறு. அதற்குச் சொற்களும் இலக்கணமும் உண்டு. முகக்குறியும் அவ்விலக்கணத்தில் சேரும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பேசுவது ஆங்கிலமே. ஆயினும் அவ்விரு நாட்டுச் சைகை மொழிகளும் வெவ்வேறு.

1880-ல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, பள்ளிகளில் சைகையை விலக்கி வாய்ப்பேச்சையே கற்பிக்க வேண்டுமெனத் தீர்மானித்தது. தீர்மானித்தோரில் மிகப் பெரும்பாலோர் காது கேட்பவர்களே! அம்மாநாட்டின் வரிசையில் 2010-ல் வான்கூவரில் கூடியவர்கள் அத்தீர்மானங்களைத் தள்ளி, வருத்தமும் தெரிவித்தனர். நமது பினாங்கில் 1954-ல் தொடங்கிய காது கேளாதோர் பள்ளியிலும் ஆரம்பத்தில் வாய்ப்பேச்சுப் போதனையே நடந்தது. பிள்ளைகளோ வகுப்புக்கு வெளியே தங்களுக்குள் கைகளால் பேசி ஒரு மொழியையே வளர்த்துக்கொண்டனர். மலேசியாவின் 2008-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், மலேசியச் சைகை மொழியைக் காது கேளாதோரின் அதிகாரபூர்வ மொழியாக ஏற்றது.

"எப்போதோ வரும் ஒருவருக்காக ஒரு மொழி கற்பதா?" எனச் சிலர் கேட்கலாம். கப்பலில் வந்திறங்கிய நம் பாட்டன்மாரில் பலர் மலாயும் ஹொக்கியனும் அறியாதவர்கள். வாங்க வருவோர் தமிழ் கற்கட்டும் என்று அவர்கள் காத்திருந்தார்களா? பாஷை தெரியாத அலுவலகத்தில் நம்மை ஒதுக்கி, உடன் வந்தவரிடம் பேசினால் நம் மனம் என்ன பாடுபடும்? ஆதாயத்துக்காக மூன்று பாஷை கற்ற நாம், மனிதரை மதிப்பதற்காக நாலு சொல் கற்கலாகாதா?

இப்போது அவர் வந்தால் பின்னாலிருந்து கூப்பிடுவதில்லை. தோளை மெல்லத் தொட்டு, முகம் பார்த்துப் பேசுகிறோம். எண்கள், விலை, மிச்சம், நன்றி ஆகியவற்றை அவரே கற்பித்தார். பிழை செய்தால் சிரித்துக்கொண்டே நம் விரலைத் திருத்துகிறார். நாற்பதைக் கடந்த பிறகு நமக்கு ஓர் உஸ்தாது கிடைத்திருக்கிறார்.

இரக்கப்பட்டு விலை குறைப்பதை நிறுத்திவிட்டோம். அவரும் பேரம் பேசாமல் விடுவதில்லை. வியாபாரச் சகோதரர்களே, கொடுப்பவரும் வாங்குபவரும் சமமாக நிற்கும் இடம்தானே கடை!