கல்லும் ஊரும்

மாத்தளையிலிருந்து சைக்கிளில் வடக்கே சென்றால் நாலந்தா கெடிகே. இடைக்காலக் கற்கட்டடம். போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்காதிருக்க, அதைக் கல் கல்லாகக் கழற்றி மேட்டில் மீண்டும் அடுக்கினார்கள்.

நாவுல வழியாக லக்கலப் பக்கம் மிதிக்கிறேன். 2018இல் களுகங்கை நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்க, பழைய லக்கல-பல்லேகம நீருள் போனது. மக்களுக்குப் புதிய ஊர் கிடைத்தது. வீட்டையும் காணியையும் அளந்து ஈடுசெய்யலாம். வரப்பில் நின்று பேசிய அயலாரை, மயானத்தில் உறங்கும் மூத்தோரை எப்படி அளப்பது? கட்டடத்தைப் போல் ஊரைக் கழற்றி அடுக்க முடியாது.

வறண்ட வயல்களுக்கு நீர் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் பிறர் நலனுக்காக ஊரை விட்டவர்களின் கணக்கு நட்டஈட்டோடு முடிவதில்லை. அந்நீரால் விளைந்த சோற்றை உண்ணும் நாமெல்லோரும் கடனாளிகள். அவ்வூரின் பெயரை அறிந்திருப்பதாவது அக்கடனின் முதல் தவணையாகட்டும்.