இயலாமை குற்றமாகுமா?

பிரிட்டனில் வீட்டில் தொலைக்காட்சி பார்க்க உரிமம் வேண்டும். 1946-இல் ஆண்டுக்கு 2 பவுண்டாகத் தொடங்கிய கட்டணம் 2025 ஏப்ரலில் 174.50 பவுண்டாக உயர்ந்தது. பிபிசியின் வருமானத்தில் பெரும்பகுதி இந்தப் பணம்தான். விளம்பரதாரரிடம் கையேந்தாத ஓர் ஒளிபரப்பு நிறுவனம் நாட்டுக்கு வேண்டுமென்றால், அதன் செலவை மக்கள் பகிர்ந்துகொள்வது நியாயமே. ஆனால் நோயாலும் வறுமையாலும் முதுமையாலும் அந்தப் பங்கைச் செலுத்தத் தவறியவர்களைக் குற்றவாளிகளாக்குவது எந்த அறத்தில் சேரும்?

2003-ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தொலைக்காட்சிப் பெட்டியைப் பயன்படுத்துவது குற்றம். 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். வழக்குச் செலவும் கூடுதல் தொகையும் அதன்மேல் ஏறும். நேரடியாகச் சிறைத்தண்டனை கிடையாது. அபராதத்தை வேண்டுமென்றே கட்டாமல் விட்டால் அதற்காகச் சிறைக்குப் போக நேரலாம். வாடகை பாக்கியும் தண்ணீர்க் கட்டண பாக்கியும் அதே நாட்டில் வெறும் கடன்கள். உரிமக் கட்டணமோ கிரிமினல் நீதிமன்றத்துக்குப் போகிறது.

ஒருவரைக் குற்றவாளி என்பது அவர்மேல் பழி சுமத்துவது. கட்ட வசதியிருந்தும் ஏய்ப்பவருக்கும், கையில் காசில்லாதவருக்கும், புத்தி தடுமாறிப் புதுப்பிக்க மறந்தவருக்கும் பழி ஒன்றாகாது. அந்த வேறுபாட்டை ஆராய்வதுதான் நீதிமன்றத்தின் வேலை. இங்கே அந்த ஆராய்ச்சிக்குத்தான் இடம் சுருங்கிவிட்டது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய வழக்குகள் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த ‘தனி நீதிபதி நடைமுறை’யின் வழியே நடக்கின்றன. தபாலில் அறிவிப்பு வரும். பதில் எழுத 21 நாள். குற்றத்தை மறுத்தால் திறந்த விசாரணை உண்டு. ஒப்புக்கொண்டாலோ பதிலே போடாவிட்டாலோ, ஒரே ஒரு மாஜிஸ்திரேட், சட்ட ஆலோசகர் ஒருவரின் துணையோடு, காகிதங்களை மட்டும் பார்த்துத் தீர்த்துவிடலாம். மன அழுத்தத்தில் மூழ்கியவர் வந்த கடிதங்களைப் பிரிக்காமலே குவித்து வைப்பார். மறதிநோய் கண்டவருக்கு அறிவிப்பு எதைப் பற்றியது என்பதே விளங்காது. இப்படி மௌனத்துக்குக் காரணமான நோயே தண்டனைக்கும் வழிதிறந்துவிடுகிறது.

எழுதத் தெரிந்து, தன் நிலையை விளக்கி எழுதியவருக்கும் முழுப் பாதுகாப்பு இல்லை. அந்த விளக்கம் மாஜிஸ்திரேட்டிடம் போகிறது. வழக்கைத் தொடுத்த, பொதுநலன் கருதி அதைக் கைவிடும் அதிகாரமும் பெற்ற தரப்போ அந்த விளக்கத்தை வழக்கமாகப் பார்ப்பதில்லை. ஐயம் எழுந்தால் மாஜிஸ்திரேட் வழக்கைத் திருப்பி அனுப்பலாம் என்பது உண்மை. எல்லாம் அந்த ஒருவரின் கவனத்தைப் பொறுத்தது. வழக்குத் தொடுப்போர் இந்த விளக்கங்களை முன்கூட்டியே படிக்க வேண்டும் என்று 2024 மார்ச்சில் மாஜிஸ்திரேட்டுகளின் சங்கமே கேட்டது.

சுமை யார் தலையில் விழுகிறது என்பதும் தெரிந்ததே. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இக்குற்றத்துக்காகத் தண்டிக்கப்படுவோரில் ஏறத்தாழ நான்கில் மூவர் பெண்கள். ஏய்ப்பதில் பெண்கள் முந்துகிறார்கள் என்று இதற்குப் பொருளில்லை. உரிமம் வீட்டுக்கு உரியது. வழக்கோ ஒரு தனி ஆள்மேல். விசாரிக்க வரும் அலுவலர் கதவைத் தட்டும்போது வீட்டில் இருப்பவர் பெரும்பாலும் பெண். குழந்தைகளோடு தனித்து வாழும் பெற்றோரிலும் பெண்களே அதிகம். குடும்பத்தின் நிலுவைக்கு ஒருத்தி மட்டும் குற்றவாளியாகிறாள்.

எதிர்வாதத்திலும் வலு உண்டு. வயிற்றைக் கட்டி இந்தக் கட்டணத்தைச் செலுத்தும் ஏழைகளும் இருக்கிறார்கள். கட்டாதவரை விட்டுவிட்டால் அவர்களுக்குத்தான் அநீதி. மின்சாரத்தைத் துண்டிப்பதுபோல் வான்வழி வரும் அலைவரிசையை ஒரு வீட்டுக்கு மட்டும் துண்டிக்க முடியாது. 2015-இல் வழக்கறிஞர் டேவிட் பெர்ரி தலைமையிலான ஆய்வு கிரிமினல் முறையே தொடரலாம் என்றது. நிலுவையை வெறும் கடனாக மாற்றினால் ஜப்தி செய்பவர்கள் வாசலில் நிற்பார்கள், வசூல் செலவும் ஏறும் என்ற அச்சமும் பொய்யல்ல. அரசும் 2021 ஜனவரியில் மாற்றத்தைத் தள்ளிவைத்தது.

ஆனால் இந்த வாதங்கள் வசூல் முறை ஒன்று தேவை என்பதை மட்டுமே நிறுவுகின்றன. நலிந்தவரைத் தண்டிக்க நியாயம் தரவில்லை. வயிற்றைக் கட்டிப் பணம் செலுத்தும் ஏழைக்கு, தன்னைவிட நலிந்தவர் தண்டிக்கப்படுவதால் ஒரு பென்னிகூட மிச்சமாகாது. வசூலுக்கு வேறு வழிகளும் உண்டு. ஜெர்மனி 2013 முதல் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறது. பின்லாந்து அதே ஆண்டு தனி வரிக்கு மாறியது. ஜப்திக் கொடுமை அஞ்சத்தக்கதென்றால், கடன் வசூலில் நலிந்தவருக்குப் பாதுகாப்பு விதிக்கலாம். தவணையும் விலக்கும் விரிவாகத் தரலாம்.

இத்தகைய மாற்றம் வரும்வரை செய்யக்கூடியது ஒன்று உண்டு: நோயும் வறுமையும் தெரியவந்த இடத்தில் வழக்கைத் திரும்பப் பெறுவது. வரவேண்டிய பணத்தைக் கேட்க ஒரு நிறுவனத்துக்கு உரிமை இருக்கிறது. ஒரு மனிதரைக் குற்றவாளி என்று அறிவிக்கும் உரிமை, அவர் கதையை முழுதும் கேட்ட பிறகே யாருக்கும் வரும்.