பேய்ப் பாட்டும் பாவமும்

கடும் மெட்டல் இசை தீயது என்பவர்கள் மண்டையோட்டையும் பிணத்தையும் சாத்தான் பெயரையும் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அப்படியானால் நம் இலக்கியமும் கூண்டில் ஏற வேண்டும். காரைக்கால் அம்மையார் பேயுருவை வேண்டிப் பெற்றுச் சுடுகாட்டைப் பாடினார். அந்தப் பாடல்கள் திருமுறையில் இருக்கின்றன. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் அடுகின்றன. போடி, சிலமலைப் பக்கத்துத் திருவிழாக்களில் ஒலிக்கும் உறுமி மேளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தித் தேய்க்கும்போது எழும் முனகல் இனிமையானதல்ல, அடிவயிற்றைப் பிசைவது. அந்த ஒலியில்தான் சாமி இறங்குகிறது. அச்சமூட்டுவதெல்லாம் தீமை என்றால் காளிக்கும் கருப்பசாமிக்கும் நம் ஊரில் இடமே இல்லை. 1992இல் சிங்கப்பூரில் தொடங்கிய ருத்ரா குழு இதே கரடுமுரடான மெட்டல் இசையில் வேதாந்தத்தைப் பாடுகிறது.

நார்வேயைச் சொல்லி மறுக்கலாம். மறுப்பு வலுவானதுதான். 1992இல் பெர்கன் அருகே ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயம் எரிந்தது. கடும் மெட்டலின் ஒரு கிளையான பிளாக் மெட்டலின் கலைஞர் ஒருவர், சக கலைஞரைக் கொன்றதற்கும் வேறு தேவாலயங்களுக்குத் தீ வைத்ததற்கும் 1994இல் 21 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அந்த வட்டத்தில் பாட்டும் வெறுப்பும் பின்னிக் கிடந்ததை மறைக்கக் கூடாது. ஆனால் அதே இசையைக் கேட்டு எதையும் எரிக்காதவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். எனவே குற்றத்தை உறுமலின் மீது சுமத்த முடியாது. கற்பனைப் பேயைப் பாடுவது வேறு, உயிரோடிருக்கும் ஒரு சாதியையோ மதத்தையோ அழிக்கச் சொல்லிப் பாடுவது வேறு. பின்னது மெல்லிய மெட்டில் வந்தாலும் பாவமே. திருவிழா ஒலிபெருக்கியில் சாதிப் பெருமை பாடி அடுத்த தெருவைச் சீண்டும் பாட்டை நாம் இந்த அளவுக்குக் கேள்வி கேட்பதில்லை.